‘நன்றி’ பக்கம் காசு வந்ததற்குச் சாட்சி இல்லை: தளம் செய்விக்கும் கடைக்காரர் கவனத்திற்கு

பனங்கட்டி, ஒடியல் மா, பருத்தித்துறை வடை என்று வெளிநாட்டு உறவுகளிடம் இணையத்தில் ஓடர் எடுக்கும் யாழ்ப்பாணக் கடை ஒன்றுக்குச் செய்து கொடுக்கப்பட்ட தளத்தின் நிரலைப் (கோட்) பார்த்தபின் இதை எழுதுகிறோம். காசு கட்டாத ஓடர்கள் ‘செலுத்தப்பட்டது’ என்று பதிவாகி, பொதிகளும் போய்விட்டன. காசு கட்டிய சிலருடைய ஓடர்களோ நிலுவையிலேயே கிடந்தன. தளத்தைச் செய்தவர்கள் ‘வங்கிப் பக்கப் பிழை’ என்று சொல்லி, திருத்தித் தர மேலதிகக் காசும் கேட்டார்கள். வங்கியில் ஒரு பிழையும் இல்லை.

அந்தத் தளம் பேஹியர் (PayHere) என்ற இலங்கை இணையக் கொடுப்பனவுச் சேவை வழியாகக் காசு பெறுகிறது. அதற்கு மூன்று முகவரிகள் கொடுக்க வேண்டும்: ரிட்டர்ன், கான்சல், நோட்டிஃபை. முதல் இரண்டும் வாடிக்கையாளரின் பிரவுசரைத் திருப்பி அனுப்புவதற்கு மட்டுமே. காசு சேர்ந்ததா இல்லையா என்ற நிலை ரிட்டர்ன் முகவரிக்கு அனுப்பப்படுவதில்லை என்று பேஹியர் ஆவணத்திலேயே இருக்கிறது. அந்தத் தகவல் பேஹியர் சேவரிலிருந்து உங்கள் சேவருக்கு, நோட்டிஃபை முகவரிக்கு, அறிவித்தலாக நேரடியாக வருகிறது.

தளம் செய்தவர்கள் செய்து வைத்தது என்ன? ரிட்டர்ன் முகவரியில் உள்ள ‘நன்றி’ பக்கம் திறந்தவுடன் முகவரியில் உள்ள ஓடர் இலக்கத்தை எடுத்து, ‘செலுத்தப்பட்டது’ என்று பதிந்துவிட்டார்கள். அந்த முகவரியை யாரும் கையால் அடிக்கலாம். இலக்கத்தை ஒன்று கூட்டினால் அடுத்தவருடைய ஓடரும் ‘செலுத்தப்பட்டது’ ஆகிவிடும். மறுபுறம், காசு கட்டி முடித்த கையோடு பிரவுசரை மூடியவரின் ஓடர் அப்படியே நின்றுவிடும்.

நோட்டிஃபை முகவரி கொடுக்கப்பட்டிருந்தது; ஆனால் ஒரு அறிவித்தல்கூட உள்ளே போகவில்லை. தளம் லாராவெல் என்ற பிஎச்பி நிரல் கட்டமைப்பில் எழுதப்பட்டது. தளமே கொடுத்த டோக்கன் (இரகசியக் குறி) இல்லாமல் வெளியிலிருந்து தரவோடு வரும் போஸ்ட் கோரிக்கையை லாராவெல் 419 பிழையோடு திருப்பிவிடும். நோட்டிஃபை பாதைக்கு மட்டும் இந்த டோக்கன் சோதனையிலிருந்து (சிஎஸ்ஆர்எஃப்) விலக்குக் கொடுக்க வேண்டும், அதைக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் வேலை செய்திராது, ஏனென்றால் ஓடர் இலக்கத்தை செஷனிலிருந்து, அதாவது வாடிக்கையாளரின் பிரவுசர் குக்கியோடு இணைத்து வைத்த பதிவிலிருந்து, எடுக்கிறார்கள். சேவர் சேவரோடு கதைக்கும்போது வாடிக்கையாளரின் குக்கி அங்கே இருக்காது. இன்னொரு வழக்கமான பிழையும் உண்டு: எச்டிடிபி முகவரியைக் கொடுத்துவிட்டு, தளம் அதை 301 என்ற திசைதிருப்பல் போட்டு எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பினால், போஸ்டில் வந்த தரவு வழியிலேயே தொலைந்துபோகலாம். இறுதி முகவரியையே கொடுக்க வேண்டும்.

அறிவித்தல் வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது; அது பேஹியர் அனுப்பியதுதானா என்று அதோடு வரும் கையொப்பத்தைச் சரிபார்க்க வேண்டும். மேர்ச்சன்ட் ஐடி, ஓடர் ஐடி, தொகை, நாணயம், ஸ்டேட்டஸ் கோட், இவற்றின் பின்னால் மேர்ச்சன்ட் சீக்ரெட்டின் (உங்களுக்கும் பேஹியருக்கும் மட்டுமே தெரிந்த இரகசியச் சொல்) எம்டி5 (எழுத்துகளிலிருந்து கணக்கிடும் சுருக்கக் குறி) பெரிய எழுத்தில்: இவ்வளவையும் இதே வரிசையில் ஒட்டி, மறுபடி எம்டி5 எடுத்துப் பெரிய எழுத்தாக்கி, வந்த கையொப்பத்தோடு ஒப்பிட வேண்டும். தொகையை வந்தபடியே பயன்படுத்துங்கள், 5000.00 என்பதை எண்ணாக மாற்றி 5000 ஆக்கினால் கையொப்பம் பொருந்தாது. பிறகு அந்தத் தொகையும் நாணயமும் உங்கள் தரவுத்தளத்தில் உள்ள ஓடரோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் மோசமான விஷயம், சீக்ரெட்டை ஜாவாஸ்கிரிப்டுக்குள் எழுதியிருந்தது. பிரவுசரில் ‘வியூ சோர்ஸ்’ அழுத்தத் தெரிந்த எவரும் அதை எடுத்து, சரியான கையொப்பத்தோடு பொய் அறிவித்தல் அனுப்பலாம். இது கவனக்குறைவு இல்லை, கடைக்காரருக்குச் செய்த துரோகம்.

ஸ்டேட்டஸ் கோட் 2 என்றால் மட்டுமே காசு சேர்ந்தது. 0 நிலுவை, -1 கைவிடப்பட்டது, -2 தோல்வி. -3 என்பது கொடுத்த காசு சார்ஜ்பேக்கில், அதாவது அட்டைக்காரர் தன் வங்கியிடம் முறையிட்டதால், திரும்பப் பறிக்கப்பட்டது. அது வந்தால் பொதியை நிறுத்த வேண்டும். ஒரே அறிவித்தல் இரு தடவை வரலாம் என்று எண்ணியே எழுத வேண்டும். பேமென்ட் ஐடி, ஸ்டேட்டஸ் கோட் இரண்டுக்கும் சேர்த்துத் தரவுத்தளத்தில் யுனிக் கட்டுப்பாடு (ஒரே பதிவு இரு தடவை ஏறாதபடி) போட்டால், கையிருப்பு இரண்டு முறை கழியாது.

மீதிக் காசைக் கொடுக்குமுன் நீங்களே இரண்டு சோதனை செய்யுங்கள். ஒரு ஓடர் போட்டு, காசு கட்டாமல், ‘நன்றி’ பக்க முகவரியை அந்த ஓடர் இலக்கத்தோடு அடியுங்கள். ‘செலுத்தப்பட்டது’ என்று வந்தால் தளத்தை ஏற்காதீர்கள். அடுத்து, சாண்ட்பொக்ஸில் (பேஹியரின் சோதனைச் சூழல், உண்மைக் காசு போகாது) காசு கட்டி, தளத்துக்குத் திரும்புமுன் பிரவுசரை மூடுங்கள். ஓடர் தானாக மாறவில்லையென்றால் நோட்டிஃபை வேலை செய்யவில்லை. ‘என்னுடைய கணினியில் வேலை செய்கிறது’ என்ற பதிலை ஏற்க வேண்டாம், லோக்கல்ஹோஸ்டுக்கு, அதாவது இணையத்தில் வெளித்தெரியாத அவர்களுடைய சொந்தக் கணினிக்கு, அறிவித்தல் வரவே வராது.

பேஹியர் கணக்கு உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் இருக்கட்டும். ஏற்கெனவே இப்படியொரு தளம் ஓடிக்கொண்டிருந்தால், சீக்ரெட்டை இன்றே மாற்றுங்கள். பழைய ஓடர்களை ஒவ்வொன்றாக பேஹியர் கணக்கில் உள்ள கொடுப்பனவுகளோடு ஒப்பிட்டு முடிக்கும்வரை பொதி எதையும் அனுப்பாதீர்கள்.