ஒரே கணினியா, இரண்டு கணினிகளா? சதுரங்க நிரல்களை வீட்டில் மோதவிடும் முறை

ஸ்டாக்ஃபிஷ், லீலா போன்ற சதுரங்க நிரல்களில் எது வலியது என்று வீட்டிலேயே சோதிக்க இரண்டு வழிகள் உள்ளன. நிரலுக்கு ஒரு கணினி என இரண்டைப் பிணைத்து, எதிராளியின் நேரத்திலும் சிந்திக்கவிடுவது ஒன்று. ஒரே கணினியில் அந்த வசதியை அணைத்துவிட்டு, முறைவைத்துச் சிந்திக்கவைப்பது மற்றொன்று.

முதல் வழி உண்மையான போட்டியைப் போலவே தோன்றும். ஆனால், ஒரே மாதிரியில் வாங்கிய இரண்டு மடிக்கணினிகள்கூட வீட்டுக்குள் சமமாக இயங்குவதில்லை என்பதை மதுரையின் சித்திரை வெயில் எனக்குக் காட்டியது. எல்லீஸ் நகரில் எங்கள் மொட்டைமாடி அறையில் ஒன்றும் கீழ்த்தளத்தில் மற்றொன்றும் இருந்தன. நொடிக்கு எத்தனை நிலைகளை நிரல் ஆராய்கிறது என்ற எண்ணைக் கவனித்தபோது, காலையில் ஏறத்தாழ ஒன்றாக இருந்த இரண்டில், மாடியில் இருந்தது மதியம் இரண்டு மணிக்கு மேல் தொடர்ந்து பின்தங்கியது. சூடு ஏறினால் கணினியின் செயலி (ப்ராசசர்) தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மின்சாரம் போய்ப் பேட்டரிக்கு மாறினாலும் பெரும்பாலான மடிக்கணினிகளில் இதே கதைதான். அப்போது நாம் அளப்பது நிரலை அல்ல, அறையை.

ஒரே கணினியில் வெயில் இருவருக்கும் பொது. ஆகவே என் தேர்வு அதுவே. எனினும் எதிராளியின் நேரத்தில் சிந்திப்பதை அணைக்க மறந்தால், இரண்டும் ஒரே நேரத்தில் செயலிக்காக முட்டிக்கொள்ளும். கோர்களின் (செயலிக்குள் உள்ள கணிப்பு அலகுகள்) எண்ணிக்கையும் ஹேஷ் நினைவகமும் (ஆராய்ந்த நிலைகளை நிரல் சேமித்துவைக்கும் இடம்) இருவருக்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும். பலர் கவனிக்காத இன்னொன்று உண்டு: ஸ்டாக்ஃபிஷ் வெவ்வேறு செயலிகளுக்கு வெவ்வேறு கோப்புகளாகக் கிடைக்கிறது, பழைய செயலிக்கானதைப் புதிய கணினியில் ஓட்டினால் அது காரணமின்றி வேகம் இழக்கும்.

லீலாவுக்கு மட்டும் இந்தச் சமநிலை பொருந்தாது. கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் அது தவழும்; ஸ்டாக்ஃபிஷ்ஷுக்கோ அந்தக் கார்டால் பயனில்லை. 2017-ல் டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஸீரோ நிரல் 100 ஆட்டங்களில் 28-ஐ வென்று, ஒன்றும் தோற்காமல் ஸ்டாக்ஃபிஷ் 8-ஐ வீழ்த்தியபோது எழுந்த சர்ச்சையும் இதுபோல நிலைமைகள் சமமா என்பது பற்றியதே. ஸ்டாக்ஃபிஷ்ஷுக்கு 64 த்ரெட்டுகள் (இணையாக ஓடும் கணிப்புகள்) தந்துவிட்டு ஹேஷை 1 ஜிபியில் நிறுத்தியதையும், நகர்த்தலுக்கு ஒரு நிமிடம் என்று கட்டிப்போட்டதால் நேரத்தைத் தேவைக்கேற்பப் பங்கிடும் அதன் திறன் வீணானதையும் பலர் குறை கூறினர். ஆல்ஃபாஸீரோ குழு 2018-ல் வெளியிட்ட கட்டுரையில் ஹேஷ் 32 ஜிபி, ஆட்ட நேரம் 3 மணிநேரமும் நகர்த்தலுக்குக் கூடுதலாக 15 நொடியும் எனத் திருத்தப்பட்டிருந்தன. ஆகவே லீலாவைச் சோதிப்பவர், செயலியின் பெயரோடு கார்டின் பெயரையும் முடிவில் எழுதியே ஆக வேண்டும்.

ஒவ்வொரு தொடக்கத்தையும் நிறம் மாற்றி இருமுறை ஆடவைக்க வேண்டும். எண்ணிக்கையும் போதுமானதாக வேண்டும்: பாதி ஆட்டங்கள் சமனில் முடியும் 100 ஆட்டத் தொடரில், 50 புள்ளிக்கு (வெற்றிக்கு ஒன்று, சமனுக்கு அரை) இருபுறமும் 7 புள்ளிவரை தற்செயலாகவே விலகலாம் என்பதால், 53.5-க்கு 46.5 என்ற முடிவு எதையும் நிறுவாது. ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு நிமிடமும் நகர்த்தலுக்குக் கூடுதலாக ஒரு நொடியும் தந்தால், ஆளுக்கு 60 நகர்த்தல் கொண்ட ஆட்டம் 4 நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். இரவு பத்துக்குத் தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் 100 ஆட்டங்கள் நிறைவுறும், அடுத்த 100-ஐ மறுநாள் இரவு ஓட்டலாம்.