வேர்ட்பிரஸ் பிளாக் எடிட்டர்: கட்டுரையின் எலும்புக்கூட்டைக் காட்டும் கருவி

பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று என்று தாலுகா ஆபீஸ் சமாச்சாரங்களை எளிய தமிழில் எழுதி இணையத்தில் போடுவது என் வேலை. படிக்கிறவர்களில் பலர் கையில் போனோடு வரிசையில் நிற்பவர்கள். வேண்டிய வரி சட்டென்று கண்ணில் படாவிட்டால் மற்றது எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. இணையத்தில் மக்கள் வரிவரியாகப் படிப்பதில்லை, மேலோட்டமாகத் தேடிக்கொண்டே போகிறார்கள் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் 1997-லேயே சோதித்துச் சொல்லிவிட்டார். எந்த எடிட்டரையும் இதை வைத்துத்தான் எடைபோடுவேன்.

வேர்ட்பிரஸ் என்பது இணையதளம் நடத்த உதவும் மென்பொருள்; அதில் கட்டுரை எழுதும் இடமான பிளாக் எடிட்டர் 2018 டிசம்பரில் 5.0 பதிப்போடு வந்தது. பத்தி, தலைப்பு, பட்டியல், படம் எல்லாமே தனித்தனி பிளாக். பழைய எடிட்டரில் கை பழகியவர்களுக்கு இன்னமும் இது பிடிக்காது. எனக்கு ரொம்பப் பிடிக்கும். காரணம், டாக்குமெண்ட் ஓவர்வியூவில் இருக்கும் அவுட்லைன். உடலை உருவிவிட்டுத் தலைப்புகளை மட்டும் வரிசையாகக் காட்டும்.

பட்டா மாறுதல் பற்றி ஒருவர் எழுதித் தந்த கட்டுரையை அதில் போட்டுப் பார்த்தேன். ‘முன்னுரை’, ‘பட்டாவின் முக்கியத்துவம்’, ‘சில விவரங்கள்’, ‘முடிவுரை’. உள்ளே நல்ல விஷயம் நிறைய இருந்தது, ஆனால் எது எங்கே என்று ஒரு தலைப்பும் சொல்லவில்லை. மாற்றிய பிறகு அவுட்லைன் இப்படி வந்தது: ‘என்னென்ன ஆவணம் வேண்டும்?’, ‘மனையை முழுசாக வாங்கினீர்களா, ஒரு பகுதி மட்டுமா?’, ‘மனு தள்ளுபடியானால்?’. நடுத் தலைப்பின் கீழே, நிலத்தைப் பிரிக்கத் தேவையில்லாத ‘உட்பிரிவு இல்லாதது’, பிரிக்க வேண்டிய ‘உட்பிரிவு உள்ளது’ என்று இரண்டு துணைத் தலைப்புகள். கிரயப் பத்திரத்தைப் பற்றிய பத்தி கடைசியில் கிடந்தது. அம்புக்குறியைத் தட்டித் தட்டியே மேலே கொண்டுவந்துவிட்டேன்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வரியைத் தடித்த எழுத்தாக்கினால் அது தலைப்பு ஆகிவிடாது. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்களில் ‘எச்’ விசையை அழுத்தினால் ஒரு தலைப்பிலிருந்து அடுத்ததற்குத் தாவலாம். தடித்த எழுத்தில் அது நிற்காது. அவர்கள் முழுக் கட்டுரையையும் கேட்டாக வேண்டும். இரண்டாம் நிலையை விட்டுவிட்டு மூன்றாம் நிலைத் தலைப்பைப் போட்டால் அவுட்லைனே தவறு என்று காட்டுகிறது. இந்த ஒரு வசதிக்காகவே சிபாரிசு செய்வேன்.

6.3 பதிப்பில் வந்த ‘டீடெய்ல்ஸ்’ பிளாக்கும் உதவும், தட்டினால் விரியும். விதிவிலக்குகளை அதற்குள் போடலாம். ஆவணப் பட்டியலைப் போடாதீர்கள், அது திறந்தே இருக்கட்டும்.

குறை என்று பார்த்தால், படிக்க ஆகும் நேரத்தை எடிட்டர் நிமிடத்துக்கு 189 சொல் என்று கணக்கிடுகிறது. ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொல்லில் வருவதை நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுவதால், தமிழுக்கு அது குறைத்தே காட்டும். நான் வைத்திருக்கும் பதிப்பில் பொருளடக்கம் போடவும் தனியாக பிளக்இன் (கூடுதலாக நிறுவும் துணை மென்பொருள்) தேவைப்படுகிறது. பிளக்இன் வேண்டாம் என்றால் ஒவ்வொரு தலைப்புக்கும் ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் ஆங்கர் பெயர் கொடுக்கலாம்; இணைப்பின் கடைசியில் அந்தப் பெயரைச் சேர்த்தால் நேரே அந்தத் தலைப்புக்குப் போகலாம். அதை ரோமன் எழுத்தில் சின்னதாக வையுங்கள். தமிழில் வைத்தால் வாட்ஸ்அப்பில் பகிரும்போது இணைப்பு சதவீதக் குறிகளாக நீண்டுவிடும். சின்னதாக இருந்தால், கேட்டவருக்கு ஆவணப் பட்டியலின் இணைப்பை மட்டும் அனுப்பிவிடலாம்.