பழுதுபார்ப்பதா, மறுபடி கட்டுவதா, புதிதாகச் செய்வதா?

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பிரிட்டிஷ் பந்தயக் காரை உயிர்ப்பிக்க மூன்று வழிகள் உண்டு: மிஞ்சியிருப்பதை அப்படியே காத்துப் பழுதானதை மட்டும் சரிசெய்வது, சிதைந்ததை மறுபடி கட்டுவது, அசலைப் பார்த்துப் புதிதாக ஒன்று செய்வது.

முதல் வழிக்கு நல்ல சாட்சி, 1933இல் ஜான் காப் என்ற பந்தய ஓட்டுநருக்காகக் கட்டப்பட்ட நேப்பியர்-ரெயில்டன் கார். 24 லிட்டர் விமான எஞ்சின். 1935இல் இங்கிலாந்தின் புரூக்லேண்ட்ஸ் கார் பந்தய ஓடுதளத்தை மணிக்கு 143.44 மைல் வேகத்தில் சுற்றியது. அந்தச் சாதனையை முறியடிக்க யாருக்கும் வாய்க்கவில்லை; 1939இல் போர் வந்து ஓடுதளமே மூடப்பட்டது. போருக்குப் பின் விமானங்களுக்கான பாராசூட்டுகளைச் சோதிக்கும் வண்டியாக உழைத்தது. மதிப்புக் குறைந்த வேலைதான். ஆனாலும் வண்டி பயன்பாட்டில் இருந்தது. இன்று புரூக்லேண்ட்ஸ் அருங்காட்சியகத்தில் ஓடும் நிலையில் நிற்கிறது. இப்படி ஒரு கார் கைக்கு வந்தால், பளபளப்பாக்கும் ஆசையை அடக்குவதே பெரிய வேலை.

எல்லாக் காருக்கும் அந்த யோகம் இல்லை. 1927 மார்ச்சில் வேல்ஸின் பெண்டைன் கடற்கரையில் வேகச் சாதனைக்கு முயன்றபோது பந்தய ஓட்டுநர் பாரி தாமஸ் இறந்தார். அவருடைய ‘பேப்ஸ்’ காரை அங்கேயே மணலில் புதைத்தார்கள். 1969இல் ஓவன் வின் ஓவன் என்ற பொறியியல் விரிவுரையாளர் அதைத் தோண்டியெடுத்து, பல ஆண்டுகள் உழைத்து ஓட வைத்தார். 42 ஆண்டுகள் உப்பு மணலில் கிடந்த உலோகத்தை ‘அப்படியே காப்பது’ என்றால், துருவைக் காப்பது என்றுதான் பொருள். அங்கே மறுபடி கட்டுவது தவிர வேறு வழியே இல்லை.

மறுபடி கட்டும்போது எழும் தகராறு அடையாளம் பற்றியது. பிரான்ஸில் நடக்கும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை 1929, 1930இல் வென்ற பென்ட்லியின் ‘ஓல்டு நம்பர் ஒன்’ வழக்கு 1990இல் லண்டன் நீதிமன்றத்துக்குப் போனது. ஒரு கோடி பவுண்டுக்குப் பேசி முடித்த காரை, ‘இது அசலே அல்ல’ என்று வாங்கியவர்கள் மறுத்தார்கள். வெற்றி பெற்ற நாளின் பாகங்கள் மிகச் சிலவே மிஞ்சியிருந்தன என்பதை நீதிபதி ஏற்றார். ஆனாலும் வரலாறு அறுபடாமல் தொடர்வதால் இது அதே கார்தான் என்று தீர்ப்பளித்தார். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. பந்தயக் காரில் பாகம் மாற்றுவது அதன் பிறவிக் குணம். ஓடிய காலத்திலேயே பந்தயத்துக்குப் பந்தயம் மாற்றினார்கள்.

மூன்றாவது வழியை 2019இல் பென்ட்லி நிறுவனமே அறிவித்தது. தன்னிடமுள்ள ‘புளோவர்’ பந்தயக் காரை (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் சூப்பர்சார்ஜர் பொருத்தியது) பிரித்து, பாகம் பாகமாக அளந்து, பன்னிரண்டு புதிய கார்களைச் செய்யும் திட்டம். (சூப்பர்சார்ஜர் பொருத்துவதையே நிறுவனத்தைத் தொடங்கிய டபிள்யூ. ஓ. பென்ட்லி எதிர்த்தார், அவரிடம் கேட்டிருந்தால் பன்னிரண்டும் நடந்திருக்காது.) பலர் இதைப் போலி என்று பழிக்கிறார்கள். நான் பழிக்கமாட்டேன். புதியதைப் புதியது என்றே சொல்லி விற்றார்கள். ஒரு பழைய சட்டகத் துண்டைச் சுற்றி மற்றதெல்லாம் புதிதாகப் பூட்டி, ‘1930 மாடல்’ என்று விலை பேசுவதைவிட இது நேர்மையானது.

என் தேர்வு காரின் நிலையையும் பயனையும் பொறுத்தது. காட்சிக்கு மட்டும் என்றால் முதல் வழி. பழைய பெயின்டையும் தொடக்கூடாது. பந்தயத்தில் ஓட்டுவதானால், விரிசல் விட்ட சிலிண்டர் பிளாக்கை நம்பி உட்காரக்கூடாது. புதிதாக வார்த்துப் பொருத்திவிட்டு, எண் பொறித்த பழையதைக் காருடனேயே வைத்திருக்க வேண்டும். எது எப்போது மாற்றப்பட்டது என்ற பதிவேடு இல்லாத காரை, எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் வாங்கமாட்டேன்.