எம்.எம்.சி.யா, சி.எம்.சி.யா?

நீட் முடிவு வந்ததும் நல்ல ரேங்க் எடுத்த பிள்ளைகளின் வீடுகளில் எழும் கேள்வி இது. சென்னை மருத்துவக் கல்லூரி (எம்.எம்.சி.), வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) இரண்டுமே தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் இருப்பவை. நாலரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சி, முடிவில் அதே எம்.பி.பி.எஸ். இருந்தும் அங்கே படித்தவரின் கை ஒரு விதமாகவும் இங்கே படித்தவரின் கை வேறு விதமாகவும் பழகியிருக்கும். இரண்டும் பிறந்த விதமே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

எம்.எம்.சி.க்கு முன்பே அதன் ஆஸ்பத்திரி வந்துவிட்டது. 1664-ல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்களுக்காகத் தொடங்கியதுதான் இன்று சென்ட்ரலுக்கு எதிரே நிற்கும் ஜி.ஹெச். 1835-ல் அதோடு மருத்துவப் பள்ளி சேர்ந்தது. 1850-ல் அது கல்லூரியானது. இன்றும் அங்கே படிப்பு என்றால் வார்டுதான். ரயிலை விட்டு இறங்கி நேரே வரும் நோயாளிகள், விபத்துகள், பாம்புக்கடி, வெளியூர்களிலிருந்து அனுப்பப்படும் சிக்கலான கேஸ்கள் என்று கூட்டம் ஓயாது. ஆண்டுக்கு 250 மாணவர்கள். யாரும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லித்தர மாட்டார்கள். தேடிப் போகிறவனுக்கு அள்ள அள்ளக் குறையாது.

சி.எம்.சி.யின் தொடக்கம் ஓர் இரவில் இருக்கிறது. பிரசவ வலியில் துடித்த மூன்று பெண்களுக்காக உதவி கேட்டு ஒரே இரவில் மூன்று பேர் அமெரிக்க மிஷனரி குடும்பத்துப் பெண்ணான ஐடா ஸ்கடரிடம் வந்தார்கள். அப்போது அவர் டாக்டர் அல்ல. டாக்டரான அவருடைய அப்பாவோ ஆண் என்பதால் வேண்டாம் என்றார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் படித்துத் திரும்பி, 1900-ல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி, 1942-ல் எம்.பி.பி.எஸ்., 1947-ல் ஆண் மாணவர்கள். ஆனால் பெண்களுக்குக் கதவு திறந்த பெருமை வேலூருக்கு மட்டும் உரியதன்று. 1875-லேயே மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களை எம்.எம்.சி. சேர்த்துக்கொண்டது. முத்துலட்சுமி ரெட்டி அங்கே பட்டம் பெற்றது 1912-ல். இதைப் பலரும் மறந்துவிடுவது எனக்கு வருத்தம்.

வேலூரில் வகுப்புக்கு 100 பேர்தான். ஆசிரியருக்கு மாணவனின் பெயர் தெரியும். முதலாண்டிலேயே கிராமத்தில் தங்கி வீடு வீடாகப் போய்ப் பேச வேண்டும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கர்ப்பிணி என்ன சாப்பிடுகிறாள் என்று இருபது வயதுக்குள் கேட்டுப் பழகியவர், பின்னால் ரத்தசோகைக்கு மாத்திரை எழுதும்போது அந்த வீட்டையும் சேர்த்தே நினைப்பார். சமூக மருத்துவத்தில் வேலூர் ஒரு படி மேல் என்பேன்.

சிறப்புத் துறைகளில் போட்டி விறுவிறுப்பானது. நாட்டின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையை ஜேக்கப் சாண்டி 1949-ல் வேலூரில் தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னை ஜி.ஹெச்.சில் பி.ராமமூர்த்தி தொடங்கிவிட்டார். 1951-ல் இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவியவர்களில் இருவருமே உண்டு. 1986-ல் எம்.எம்.சி. பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகள் வேலூர் ஆய்வகத்துக்குப் போயின, இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் தெரியவந்தது அப்படித்தான். இதய அறுவை சிகிச்சையிலும் சிறுநீரக மாற்றிலும் முன்னோடி வேலூர்தான்.

கட்டணம் எம்.எம்.சி.யில் மிகக் குறைவு, சி.எம்.சி.யும் தனியார் கல்லூரிகளோடு ஒப்பிட்டால் குறைவுதான். சி.எம்.சி.யில் திருச்சபை, மிஷன் அமைப்புகளின் ஸ்பான்சர்ஷிப்பில் சேர்பவர்கள், படிப்பு முடிந்து இரண்டு ஆண்டு மிஷன் மருத்துவமனையில் வேலை செய்ய வேண்டும். உடனே மேற்படிப்புக்கு ஓட நினைப்பவருக்கு அது சுமை. கூட்டத்தில் தானாக நீந்தத் தெரிந்த பிள்ளைக்கு எம்.எம்.சி.யைச் சொல்வேன். கைபிடித்துக் கற்றுத்தந்தால் மலரும் பிள்ளைக்கும், சின்ன ஊரில் வேலை செய்யும் எண்ணம் உள்ளவருக்கும் வேலூர். பிள்ளை எந்த வகை என்று தெரியாவிட்டால், கலந்தாய்வுக்கு முன் ஒரு காலைப் பொழுது இரண்டு ஓ.பி.யிலும் கூட்டிப்போய் உட்காரவையுங்கள்.