ஜாஸ் சேகரிக்க வேலூரில் எல்.பி.யா, சிடியா?

வேலூரில் இருந்துகொண்டு பழைய ஜாஸ் ஆல்பங்களைச் சேர்ப்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு: எல்.பி. இசைத்தட்டு அல்லது சிடி. இரண்டையும் வாங்கி, இரண்டோடும் பல கோடைகளைக் கழித்தபின் நான் சிடி பக்கம் வந்துவிட்டேன். நடுநிலையான தராசை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். கைபேசிச் செயலிகளை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. உரிமம் முடிந்தால் ஆல்பம் அங்கிருந்து மறைந்துவிடும். பேஸ் வாசித்தவர் யார், பதிவான நாள் எது என்ற விவரமும் பெரும்பாலும் இருக்காது. கேட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்க அவை போதும்.

எல்லோருக்கும் தெரிந்ததை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். அழகில் எல்.பி.க்குத்தான் வெற்றி. அமெரிக்க ஜாஸ் இசைத்தட்டு நிறுவனமான புளூ நோட்டுக்காக ஃபிரான்சிஸ் வுல்ஃப் எடுத்த படங்களையும் ரீட் மைல்ஸ் அமைத்த எழுத்துகளையும் 12 அங்குல உறையில் பார்ப்பதும், 12 சென்டிமீட்டர் சிடி உறையில் பார்ப்பதும் ஒன்றாகாது. ஒலியைப் பொறுத்தவரை நன்றாகத் தயாரித்த இரண்டுமே எனக்கு நிறைவளித்திருக்கின்றன. 1950களில் ஆல்பம் வெளியானபோதே அச்சான அமெரிக்க முதல் அச்சுகளை நண்பர் வீட்டில் சிறிது நேரம் கேட்டதோடு சரி. அவற்றின் ஒலியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு எனக்குப் பழக்கம் இல்லை.

என்னைச் சிடி பக்கம் தள்ளியது பராமரிப்பு. வேலூரைச் சுற்றிலும் பாறை மலைகள். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே வழக்கம். பகல் முழுக்க வெயிலை வாங்கிய கான்கிரீட் தளம் நள்ளிரவு வரை அதை வீட்டுக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில், மேற்குச் சுவரை ஒட்டிய இரும்பு பீரோவை மாலையில் திறந்து பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

இசைத்தட்டு பிவிசி வகை பிளாஸ்டிக்கால் ஆனது. ஏறக்குறைய 60 டிகிரிக்கு மேல் அது இளகத் தொடங்கும். எந்த அறையும் அவ்வளவு சூடாவதில்லை என்று நினைக்கலாம். ஆனால் வெயிலில் மூடி நிறுத்திய வண்டியின் உட்புறம் அந்த அளவை நெருங்கிவிடும். ஜன்னல் வெயில் நேராக விழும் தட்டும் அப்படித்தான். தட்டுகள் சாய்ந்து நின்றாலோ, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தாலோ, அதற்கும் குறைந்த சூட்டிலேயே நாளடைவில் வளைந்துவிடும். சிடிக்குப் பயன்படும் பாலிகார்பனேட் இளகுவது 150 டிகிரிக்குப் பக்கத்தில். அதனால் அதை வெயிலில் போட்டுவைக்கலாம் என்று சொல்லவில்லை. சாதாரண வீட்டு அலமாரியில் அது கோடையைத் தாங்கும்.

ஒரு கோடையில் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த தட்டொன்று, கொரியர் கிடங்கில் சில நாட்கள் கிடந்துவிட்டு, சுட்ட அப்பளம் போல நெளிந்து என் கைக்கு வந்தது. திருப்பி அனுப்பும் செலவு தட்டின் விலையை நெருங்கியதால் அப்படியே வைத்துக்கொண்டேன். அதுமுதல் மார்ச்சிலிருந்து ஜூலை வரை எந்தத் தட்டையும் வரவழைப்பதில்லை. சிடிக்கு இப்படிப் பருவம் பார்க்க வேண்டியதில்லை.

நெளிந்த தட்டும் ஓடத்தான் செய்யும், ஆனால் சுருதி நிற்காது. ஊசி மேடேறி இறங்கும் ஒவ்வொரு முறையும் வேகம் நூலளவு கூடிக் குறைகிறது. ட்ரம்ஸின் ஆரவாரத்தில் அது தெரியாமல் போகும். பில் எவன்ஸ் பியானோவில் ஒரு ஸ்வரத்தைத் தொட்டு, அதை நீள ஒலிக்க விடும் இடத்தில் அப்பட்டமாகத் தெரியும். தம்பூரா சுருதியில் வளர்ந்த நம் காதுகளுக்கு அந்த அலைவு பெரிய வேதனை.

சுருதி பற்றிப் பேசும்போது மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ'வைச் சொல்லாமல் விட முடியாது. முதல் அச்சே உண்மையான அச்சு என்று தட்டுச் சேகரிப்பாளர்கள் பலர் உறுதியாக நம்புகிறார்கள். 1959 மார்ச் 2 அன்று அந்த ஆல்பத்தின் முதல் பக்கத்தைப் பதிவு செய்தபோது நாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியது. அந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டித் தட்டு தயாரித்ததால், அந்தப் பக்கத்தின் மூன்று உருப்படிகளும் கொஞ்சம் உயர்ந்த சுருதியில் ஒலித்தன. சரியான வேகத்தில் ஓடிய இன்னொரு நாடாவைக் கொண்டு அதைத் திருத்தியது 1992 மறுவெளியீட்டில்தான். பெரும் விலை கொடுத்து முதல் அச்சை வாங்குகிறவர் அந்தப் பிழையையும் சேர்த்தே வாங்குகிறார்.

வெயிலோடு புழுதியும் உண்டு. ஆண்டின் பெரும்பகுதி பாலாறு மணலாகவே கிடக்கிறது. காற்றடித்தால் ஜன்னல் விளிம்பெல்லாம் மாவாகப் படிகிறது. தட்டை ஒவ்வொரு முறையும் கார்பன் நார் தூரிகையால் துடைக்க வேண்டும். அவ்வப்போது ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலந்த காய்ச்சி வடித்த நீரால் கழுவ வேண்டும். பழைய பிளாஸ்டிக் உள்ளுறைகளைக் கழற்றிப் போட்டுவிட வேண்டும். அவை நாளடைவில் தட்டின்மேல் பனிப்படலம் போன்ற கறையை ஏற்றிவிடும். ஐப்பசி மழையில் அட்டை உறைகளில் பூஞ்சை பிடிக்காமல் பார்க்க வேண்டும். வைர ஊசிக்கும் 500 முதல் 1,000 மணி நேரம்தான் ஆயுள். இத்தனையும் மகிழ்ச்சியோடு செய்பவர்களை நான் மதிக்கிறேன். எனக்கு வேலை முடிந்து வந்தபின் கிடைக்கும் ஒரு மணி நேரம் கேட்பதற்கே வேண்டியிருக்கிறது.

அச்சில் இல்லாமல் போவது பற்றியும் பலர் தலைகீழாகக் கவலைப்படுகிறார்கள். எல்.பி. இப்போது மறுபடி மறுபடி அச்சாகிறது. 2019இல் தொடங்கிய புளூ நோட்டின் டோன் போயட் வரிசை, முதலில் பதிவு செய்த மூல நாடாவிலிருந்தே தட்டுகளைத் தருகிறது. அமெரிக்காவில் 2022இல் ஏறக்குறைய 4 கோடியே 10 லட்சம் தட்டுகள் விற்றன. சிடி 3 கோடியே 30 லட்சம். எண்ணிக்கையில் தட்டு முந்தியது 1987க்குப் பிறகு அதுவே முதல் முறை. ஆகவே இன்று சத்தமில்லாமல் மறைந்துகொண்டிருப்பது சிடிதான். ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரே மீண்டும் மெருகேற்றி, 1999 முதல் அமெரிக்காவில் வெளிவந்த புளூ நோட் சிடி வரிசையில் பல இப்போது பழைய பிரதிகளாக மட்டுமே கிடைக்கின்றன. அவற்றின் ஒலி சற்று முன்தள்ளி இருக்கிறது என்பவர்களும் உண்டு. எனக்கு அது குறையாகப் படவில்லை.

இன்னொரு வசதி: சிடியைக் கணினியில் இட்டு, ஒலித்தரம் குறையாத ஃபிளாக் வகைக் கோப்பாக எடுத்துவிடலாம். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருள், அதே சிடியைப் படித்த பிறரின் முடிவுகளோடு ஒப்பிட்டு, நம் பிரதி பிசகில்லாமல் வந்ததா என்று சொல்லிவிடும். பிறகு பிளேயரின் லென்ஸ் பழுதானாலும் இசை கையில் இருக்கும்.

சிடியிலும் ஏமாற வாய்ப்பு உண்டு. இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையில் 1988 முதல் 1993 வரை அச்சான சில சிடிகள் விளிம்பிலிருந்து பழுப்பேறி ஓடாமல் போகின்றன. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். அடுத்தது, நான்கு ஆல்பங்களை இரண்டு சிடியில் அடக்கி மலிவாக வரும் ஐரோப்பியத் தொகுப்புகள். 1962 வரை வெளியான பதிவுகளுக்கு அங்கே உரிமைக் காலம் முடிந்துவிட்டதால் யாரும் வெளியிடலாம். அவற்றில் பல மூல நாடாவைப் பார்த்தே இராதவை. கேட்டுப் பழகச் சரி, சேகரிப்புக்கு வேண்டாம்.

மறுவிற்பனையில் எல்.பி.க்குத்தான் வெற்றி. நல்ல நிலையில் உள்ள தட்டு விலை ஏறுகிறது. சாதாரண சிடியை வாங்கிய விலைக்கு விற்பதே கடினம். விற்கும் எண்ணம் இருப்பவர் தட்டுக்கே போகலாம், ஆனால் வேலூரில் ஜாஸ் வாங்க ஆள் தேடாமல் சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டியிருக்கும். நானும் தட்டை முழுக்க விட்டுவிடவில்லை. காட்பாடியில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கினால் மூர் மார்க்கெட் பக்கத்திலேயே இருக்கிறது. 1985இல் பழைய கட்டடம் எரிந்துபோனாலும் அந்தப் பெயரில் பழைய பொருள் வியாபாரம் தொடர்கிறது. கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சான ஜாஸ் தட்டு நெளியாமல் அங்கே கண்ணில் பட்டால் வாங்கிவிடுவேன். கையில் எடுத்து, கண்மட்டத்தில் வைத்துப் பார்த்து வாங்கலாம் என்பதே அதில் தைரியம்.

பணம் அளவாக இருக்கும் புதியவர், பழைய ஜாஸ் பதிவுகளைத் தொகுத்து வெளியிடும் மொசைக் நிறுவனத்தின் பெட்டித் தொகுப்புகளைச் சிடியில் முதலில் தேடட்டும். 1983 முதல் அவர்கள் எண்ணிட்டு, அளவாக மட்டுமே அச்சடித்து வருகிறார்கள்; தீர்ந்துவிட்டால் பெரும்பாலும் தீர்ந்ததுதான். அடுத்து வான் கெல்டர் வரிசையில் அதிகம் பேசப்படாத கலைஞர்களின் ஆல்பங்கள். 'கைண்ட் ஆஃப் புளூ'வும், ஐந்தெண்ணிக்கைத் தாளத்தால் நம் ஊர்க் காதுகளுக்குச் சட்டென்று பிடித்துவிடும் டேவ் புரூபெக்கின் 'டைம் அவுட்'டும் எந்த வடிவத்திலும் எளிதில் கிடைப்பவை. அவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.