கொடைக்கானல் குளிரில் அறுவை செய்த முழங்காலுக்கு ஒரு கம்பளி உறை

இடது முழங்காலில் அறுந்துபோன லிகமென்டுக்கு (எலும்புகளை இணைக்கும் நாருக்கு) பதிலாக, தொடையின் பின்புறத் தசைநாரிலிருந்து எடுத்த இழையை வைத்துப் பொருத்தி இது பதினான்காவது மாதம். அறுவை நடந்தது மதுரையில். என் வேலையும் வீடும் கொடைக்கானலில். மதுரை வெயிலில் படி ஏறி இறங்கிக் காட்டி, மருத்துவரிடம் பாராட்டும் வாங்கிய அதே கால், வத்தலக்குண்டைத் தாண்டி மலைப்பாதையில் ஏறி 2133 மீட்டர் உயரத்துக்கு வந்து சேர்ந்ததும் பேருந்திலிருந்து இறங்க மறுத்தது. அன்று தொடங்கி இன்றுவரை மூன்று வகை முழங்கால் உறைகளை வாங்கிப் பயன்படுத்தியிருக்கிறேன். மூன்றாவதாக வாங்கிய கைப்பின்னல் கம்பளி உறையைப் பற்றித்தான் எழுத நினைத்தேன் என்றாலும், மற்ற இரண்டும் ஏன் பெட்டிக்குள் போயின என்பதைச் சொல்லாமல் அதன் அருமையை விளக்க முடியாது.

தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் சதை என்ற போர்வை இருக்கிறது; முட்டிச்சில்லின் மேல் தோலைத் தவிரப் பெரிதாக எதுவும் இல்லை. அதனால் பழுதில்லாத முழங்காலின் உட்புறம்கூட உடலின் மையப் பகுதியைவிடச் சில டிகிரி குளிர்ந்தே இருக்கும். அறுவைக்குப் பின் தொடையின் முன்தசை வற்றிவிடுவதால் மேலிருந்து கிடைக்கும் கொஞ்சநஞ்சக் கதகதப்பும் குறைகிறது. குளிர் ஏறும்போது தோலடி ரத்தக்குழாய்கள் சுருங்கி, சுற்றியுள்ள தசைகள் இறுகி, மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான திரவமும் சற்றுக் கெட்டியாகிறது. அதிகாலையில் எழுந்து வைக்கும் முதல் பத்து அடிகள், ஐப்பசி மழையில் ஊறி உப்பிய மரக்கதவைத் தள்ளித் திறப்பதுபோல இருப்பது இதனால்தான். இழையைப் பிடித்து நிறுத்த உள்ளே வைத்த டைட்டானியம் குளிரில் சில்லிட்டுப்போகிறது என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியல்ல. உடலுக்குள் இருக்கும் உலோகம் சுற்றியுள்ள திசுவின் வெப்பத்தில்தான் இருக்கும். தனியாகக் குளிர்ந்துபோக அதற்கு வழியில்லை.

முதலில் வாங்கியது மருந்துக்கடையில் கிடைத்த நியோப்ரீன் உறை. விலை 750 ரூபாய். நான்கு வெல்க்ரோ பட்டைகளும் முட்டிச்சில்லுக்கு நேராக வட்டமான ஒரு துளையும் கொண்டது. முட்டிச்சில்லை நிலையாகப் பிடித்து வைக்கத்தான் அந்தத் துளை. ஆனால் எங்கே காற்று படக்கூடாது என்று நான் நினைத்தேனோ சரியாக அந்த இடத்தில் அது ஜன்னலைத் திறந்து வைத்தது. கடலில் மூழ்குபவர்களின் உடைக்குப் பயன்படும் ரப்பர் என்பதால் மற்ற இடங்களில் சூட்டை நன்றாகவே பிடித்துவைக்கிறது. சிக்கல் வியர்வையில் வருகிறது. ஏழு ரோடு சந்திப்பிலிருந்து பள்ளிக்கூடம் வரையிலான ஏற்றத்தை நடந்து முடிப்பதற்குள் உள்ளே தோல் நனைந்துவிடும். ஆசிரியர் அறையில் உறையைக் கழற்றியவுடன் அந்த ஈரத்தின் மேல் காற்று பட்டு, வீட்டிலிருந்து கிளம்பியபோது இருந்ததைவிட முழங்கால் அதிகமாகக் குளிர்ந்துபோகும். பத்து நாளில் தழும்பைச் சுற்றிச் சிவந்து அரிப்பும் வந்தது. நானோ, இறுக்கினால் இன்னும் கதகதப்பாக இருக்கும் என்று எண்ணிப் பட்டைகளை ஒவ்வொரு நாளும் ஒரு விரற்கடை கூடுதலாக இழுத்துக் கட்டினேன். மாலையில் கெண்டைக்கால் வீங்கி, உறையின் கீழ் விளிம்பு பதிந்த இடத்தில் வளையல் போட்டதுபோல ஒரு பள்ளம் விழுந்திருந்தது. இறுக்கம் என்பது ஒன்று, கதகதப்பு என்பது வேறொன்று. ஒரே பொருள் இரண்டையும் தரும் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்ததை நான் நம்பியது என் பிழை. சரிவான பாதையில் இறங்கும்போது அந்த உறை தரும் பிடிமானத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பிசியோதெரபிஸ்ட் சொன்ன நேரங்களில் இன்றும் அதைத்தான் போடுகிறேன்.

இரண்டாவதாக வாங்கிய எலாஸ்டிக் முழங்கால் உறையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரண்டு மாதத்தில் தொளதொளத்துவிட்டது.

கம்பளி உறை கிடைத்தது பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில், ஓர் அக்கா குல்லாவும் ஸ்வெட்டரும் பின்னி விற்கும் சிறிய கடையில். தொங்கவிட்டிருந்தவற்றில் ஒன்றைக் கேட்டபோது அவரே வேண்டாம் என்று தடுத்து, அது அக்ரிலிக் நூல் என்றார். பிறகு இரண்டு நூல்களிலிருந்தும் ஒவ்வோர் இழையை வெட்டித் தீக்குச்சியால் கொளுத்திக் காட்டினார்: அக்ரிலிக் இழை உருகிக் கறுத்துக் கடினமான மணியாகச் சுருண்டது, கம்பளி இழை முடி கருகும் நாற்றத்துடன் எரிந்து தானே அணைந்து, விரலில் தேய்த்ததும் பொடியாக உதிர்ந்தது. மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாடு ஆராய்ச்சி மையம் பாரத் மெரினோ என்னும் கம்பளி ரக ஆடுகளை வளர்த்துக்கொண்டிருக்க, அதே மலையில் குடியிருக்கும் நான் இத்தனை ஆண்டுகளாகக் கம்பளி என்று நினைத்து உடுத்தியதில் எத்தனை நெருப்பில் உருகும் ரகமோ!

அளவெடுத்த விதமும் எனக்குப் பிடித்திருந்தது. முக்காலியில் உட்காரவைத்து, காலை மடக்கியும் நீட்டியும் பார்த்து, தொடையில் ஓரிடம், முட்டியின் மேல் ஓரிடம், கெண்டைக்காலில் ஓரிடம் என்று மூன்று சுற்றளவுகளை நாடாவால் எடுத்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் இறுக்கமாக இருக்கட்டும் என்று பழைய பழக்கத்தில் நான் சொன்னபோது, “இறுக்கிப் பின்னுனா காத்து நிக்காது சார். காத்து நின்னாத்தான் சூடு நிக்கும்” என்றார். கம்பளியின் சுருண்ட இழைகளுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது என்பதை வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். என் காலுக்கு அதைப் பொருத்திப் பார்க்கத்தான் தோன்றவில்லை. முன்பக்கம் இரட்டை இழையிலும், முழங்காலின் பின்மடிப்பு மட்டும் சுருக்கம் விழுந்து உறுத்தாதபடி ஒற்றை இழையிலும் பின்னித் தந்தார். நான்கு நாள் ஆனது. விலை 600 ரூபாய்.

கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் தொடும்போது நனைந்ததாகத் தோன்றாது. ஆகவே ஏற்றத்தில் வரும் வியர்வையும், பகல் முழுவதும் பஞ்சுபோல இறங்கும் மேகத்தின் ஈரமும் இந்த உறையைத் தோற்கடிக்கவில்லை. ஜனவரியில் ஏரிக்கரைப் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்த ஒரு காலையில், பேன்டுக்குள் இதைப் போட்டுக்கொண்டு கரையோரம் அரைச்சுற்று நடந்து திரும்பினேன். முன்பு கால் தளர்ந்து கொடுக்க இருபது நிமிடம் பிடிக்கும். அன்று ஐந்து நிமிடத்தில் நொண்டல் நின்றது. ஒன்றை மட்டும் பட்டுத் தெரிந்துகொண்டேன்: குளிர்ந்துபோன காலில் உறையை மாட்டிப் பெரிய பயன் இல்லை. கம்பளி சூட்டை உண்டாக்குவதில்லை, இருப்பதைக் காக்கிறது. ஆகவே போர்வைக்குள் இருக்கும்போதே மாட்டிக்கொண்டு, படுத்தபடி இருபது முறை மடக்கி நீட்டிவிட்டுத்தான் தரையில் கால் வைக்கிறேன்.

வெந்நீர்ப் பையோ மின்சார ஒத்தடமோ போதாதா என்று கேட்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்த அறுவைக்குப் பின் தழும்பின் கீழே, வெளிப்பக்கமாக, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் மரத்துப்போவது பலருக்கும் நேர்கிறது. அங்கே ஓடும் சிறு நரம்புக் கிளை கத்தியில் படுவதே காரணம். அந்த இடத்துக்குச் சூடு தெரியாது. பூம்பாறைப் பூண்டைத் தட்டிக் கட்டச் சொன்ன பக்கத்து வீட்டுப் பாட்டியிடமும் இதையே சொல்லிப் பின்வாங்கினேன். பச்சைப் பூண்டு நல்ல தோலையே பொத்துப்போகச் செய்யும். கம்பளியால் அப்படி யாரும் வெந்துபோவதில்லை.

குறைகளும் உண்டு. பட்டை எதுவும் இல்லாததால் மதியத்துக்குள் இரண்டு விரல் அளவு கீழே சரிகிறது. கரும்பலகையிலிருந்து திரும்பும் சாக்கில் பேன்டோடு சேர்த்து மேலே இழுத்துவிடுகிறேன், மாணவர்கள் கவனித்துவிட்டார்கள். முதல் வாரம் கொஞ்சம் குத்தும்; மெல்லிய பருத்தித் துணியை உள்ளே சுற்றிக்கொண்டால் சரியாகிவிடும். துவைக்கும்போதுதான் மிகுந்த கவனம் வேண்டும். முதல் கம்பளி உறையைக் கீசரில் வந்த வெந்நீரில் போட்டுக் கசக்கியதில், இழைகள் ஒன்றோடொன்று பின்னிச் சுருங்கி, ஆறு வயதுப் பிள்ளைக்குப் போடும் அளவில் தடித்த சாக்குப்போல வெளியே வந்தது. இப்போது இருப்பது இரண்டாவது. பச்சைத்தண்ணீரில் அலசி, பிழியாமல் துண்டில் சுற்றி அமுக்கி, நிழலில் கிடத்தி உலர்த்துகிறேன்.

தையல் பிரிக்காத காலுக்கோ, இன்னும் நீர் கோத்திருக்கும் காலுக்கோ மருத்துவரைக் கேட்காமல் இதை மாட்டவேண்டாம். முழங்கால் தானாகவே சூடேறிச் சிவந்து காய்ச்சலும் வந்தாலோ, கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தாலோ, அதற்கு உறையைத் தேடாமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். தையல் ஆறி, நடை திரும்பி, விறைப்பு மட்டும் மிச்சமிருக்கும் கால்களுக்கு 600 ரூபாய் தகும் என்பது என் கணிப்பு. கார்த்திகைக்குள் இன்னொன்று பின்னச் சொல்லி முன்பணம் கொடுத்திருக்கிறேன். இம்முறை கெண்டைக்காலின் பாதி வரை நீளமாக, மேல் விளிம்பில் சரியாமல் பிடிக்க ஒரு மெல்லிய நாடாவோடு.