சாண்டொரினி கருமணல் கடற்கரை: “சன்பெட் ஃப்ரீ” என்று கூப்பிட்டு 219 யூரோ வாங்கிய பில்

கிரேக்கத் தீவான சாண்டொரினியில் பெரிஸ்ஸாவும் பெரிவோலோஸும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும் கருமணல் கரையில், ஒரு கடையில் இரண்டு பேருக்குப் போட்ட பில் இது. கடையின் பெயர் வேண்டாம். அதே வரிசையில் நேர்மையாக நடக்கிற கடைகளும் இருக்கின்றன. பில்லை மட்டும் பார்ப்போம்.

முதல் வரிசை சன்பெட் (கரையில் சாய்ந்து படுக்கும் கட்டில்) இரண்டு, குடை ஒன்று: 50 யூரோ. சுட்ட மீன் 1.350 கிலோ, கிலோ 75 வீதம்: 101.25. சாலட் 16. குளிர்காப்பி இரண்டு 16. தண்ணீர் இரண்டு பாட்டில் 10. ரொட்டி இருவருக்கு 6. ஆக 199.25. அதன் கீழே பேனாவால் “சர்வீஸ் 10%” என்று எழுதி 19.90. மொத்தம் 219.15. நடைபாதையில் நின்று கூப்பிட்ட பையன் சொன்னது ஒன்றுதான்: “சன்பெட் ஃப்ரீ, ஏதாவது சாப்பிட்டால் போதும்.”

அந்தப் பையன் சொன்னது முழுப் பொய் இல்லை. பெரிஸ்ஸாவில் பல உணவகங்கள் ஆர்டர் செய்பவர்களுக்கு சன்பெட்டுக்குத் தனிக் காசு வாங்குவதில்லை. ஆனால் சில இடங்களில் அது பின்வரிசைகளுக்கு மட்டும். கடலைப் பார்த்த முதல் வரிசைக்குத் தனி விலை. வேறு சில இடங்களில் “மினிமம்” என்று ஒன்று வைத்திருப்பார்கள், ஆளுக்கு இவ்வளவு யூரோவுக்குச் சாப்பிட்டே ஆக வேண்டும். உட்காரும் முன் கேட்க வேண்டியவை: எந்த வரிசை, எவ்வளவு, மினிமம் உண்டா, அது ஆளுக்கா இரண்டு சன்பெட்டுக்குமா, நாள் முழுக்கவா. பதிலை வாயால் வாங்குவதைவிட விலைப்பலகையைக் காட்டச் சொல்லிப் போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது. பலகையே இல்லாத கடை என்றால் அடுத்த கடைக்குப் போய்விடலாம். அந்தக் கரை கிலோமீட்டர் கணக்கில் நீள்கிறது, இடத்துக்குப் பஞ்சமில்லை.

காசே கொடுக்காமலும் உட்காரலாம். கிரேக்கத்தில் கடற்கரை பொதுச்சொத்து. கடைக்காரர் அரசிடம் வாடகைக்கு எடுத்த பட்டையில் மட்டும்தான் சன்பெட் போடலாம். 2024-ல் வந்த சட்டப்படி தண்ணீர் விளிம்பிலிருந்து குறைந்தது 4 மீட்டர் விட்டுத்தான் போட வேண்டும். அந்த 4 மீட்டரில் துண்டு விரித்து உட்காருகிறவரை எழுந்திருக்கச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. இருந்தும் பலர் பணம் கொடுத்துவிடுவதற்குக் காரணம் மணல்தான். கறுப்பு எரிமலை மணல் வெயிலை அப்படியே குடித்துக்கொள்ளும். ஜூலை, ஆகஸ்டில் காலை பதினொன்றிலிருந்து மாலை நான்கு ஐந்து மணி வரை காய்ந்த மணலில் வெறுங்காலோடு பத்தடி நடப்பதே பெரும்பாடு. நிழல் தரும் மரமும் குறைவு. சூடு தாங்காமல் ஓடி வருகிறவர் விலை கேட்கமாட்டார் என்பது கடைக்காரருக்குத் தெரியும். ரப்பர் அடியுள்ள தண்ணீர்ச் செருப்பும் தடித்த விரிப்பும் இருந்தால் பேரம் பேசும் பொறுமை தானாக வரும். அந்தச் செருப்பு கடலுக்குள்ளும் உதவும். பெரிஸ்ஸா பக்கம் நீர் விளிம்பில் சில இடங்களில் வழுக்கும் பாறைப் பலகைகள் கிடக்கின்றன. தீவின் இன்னொரு கருமணல் கரையான கமாரியில் மணலைவிடக் கூழாங்கல் அதிகம், ஆழமும் சட்டென்று கூடும்.

அடுத்து மீன். பில்லின் பாதி அதில்தான் போயிருக்கிறது. கிரேக்க உணவகங்களில் ஃப்ரெஷ் மீனுக்குப் பெரும்பாலும் தட்டு விலை கிடையாது, கிலோ விலை. மெனுவில் 75 என்று பார்த்ததும் ஒரு தட்டின் விலை என்று நினைத்துவிடுவோம். அல்லது கிலோ விலை என்று புரிந்தும், எத்தனை கிலோ வரப்போகிறது என்று கேட்காமல் விட்டுவிடுவோம். எடை போடுவது பச்சை மீனுக்கு, சுட்ட பிறகு அல்ல. ஒருவருக்கு 400 முதல் 500 கிராம் மீன் தாராளம். இரண்டு பேருக்கு 1.350 கிலோ என்பது தலையில் கட்டிய மீன். செய்ய வேண்டியது இதுதான்: ஐஸில் அடுக்கி வைத்திருக்கும் இடத்துக்கு எழுந்து போங்கள், மீனைக் கைகாட்டுங்கள், உங்கள் கண் முன்னால் தராசில் வைக்கச் சொல்லுங்கள், கிராமையும் யூரோவையும் சொல்லவைத்து அப்புறம் “சரி” சொல்லுங்கள். இதைக் கேட்பது அங்கே அநாகரிகம் இல்லை, உள்ளூர்க்காரர்கள் செய்வதே இதுதான். “இன்றைக்கு வந்த மீன், நானே நல்லதாகப் பார்த்துத் தருகிறேன்” என்று சர்வர் சொன்னால் இன்னும் கொஞ்சம் உஷாராகுங்கள். மெனுவில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் பெரும்பாலும் அது உறைந்த சரக்கு. அடிக்குறிப்பைப் படித்துவிடுங்கள்.

ரொட்டி கேட்காமலே மேசைக்கு வரும். வேண்டாம் என்றால் தொடுவதற்கு முன் திருப்பி அனுப்பிவிட வேண்டும். தண்ணீரும் அப்படித்தான், மூடி திறந்துவிட்டால் முடிந்தது.

பேனாவால் எழுதிய 10 சதவீதத்துக்கு வருவோம். மெனுவில் அச்சிட்ட விலைக்குள்ளேயே வரியும் சர்வீஸும் அடக்கம். பெரும்பாலான மெனுக்களின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் அப்படியே எழுதியிருக்கும். டிப்ஸ் உங்கள் இஷ்டம். ஆகவே அந்த 19.90 கொடுக்கத் தேவையே இல்லாத பணம். அந்தப் பொடி எழுத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வரியும் இருக்கும்: சட்டப்படியான ரசீது தராவிட்டால் வாடிக்கையாளர் பணம் கொடுக்கக் கடமைப்பட்டவர் அல்ல. இந்த ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினாலே பேனா எழுத்து காணாமல் போவது உண்டு.

ஆனால் ரசீது எது என்று தெரிந்திருக்க வேண்டும். ஆர்டர் கொடுத்ததும் ஒரு சீட்டைச் சுருட்டி மேசையில் சின்னக் கண்ணாடிக் குவளையில் செருகுவார்கள். அது ஆர்டர் சீட்டு. அதைக் காட்டிப் பணம் வாங்கினால் அது ரசீது ஆகாது. உண்மையான ரசீதில் கடையின் வரி எண், தேதி, நேரம், வரி விவரம், க்யூஆர் குறி எல்லாம் இருக்கும். “அபோதிக்ஸி” என்று கேட்டால் புரியும். கிரேக்க வரித்துறையின் செயலியில் அந்தக் குறியை ஸ்கேன் செய்து ரசீது அசலா என்று பார்க்கவும் முடியும்.

கடைசி அடி கார்டு மெஷினில் விழும். திரையில் இரண்டு தொகை வரும்: ஒன்று யூரோ, இன்னொன்று ரூபாய். சர்வர் உதவி செய்கிற மாதிரி ரூபாயை அழுத்திவிட்டு மெஷினை நீட்டுவார். ரூபாயில் கணக்கிட்டால் மாற்று விகிதத்தை முடிவு செய்வது உங்கள் வங்கி அல்ல, மெஷின்காரர். பல சமயம் 5 சதவீதத்துக்கு மேல் அதிலேயே போய்விடும். எப்போதும் யூரோ. உங்களைக் கேட்காமல் ரூபாயில் போட்டிருந்தால் அதை ரத்து செய்து மறுபடி போடச் சொல்லலாம். சுற்றுலாத் தெருக்களில் வங்கிக் கிளையோடு ஒட்டாமல் தனியாக நிற்கும் ஏடிஎம்களிலும் இதே வித்தைதான், கூடவே கட்டணமும் அதிகம். தீவின் தலைநகரான ஃபிரா ஊருக்குள் வங்கிக் கிளையின் சுவரில் இருக்கும் ஏடிஎம்மில் எடுத்து, “கன்வெர்ஷன் வேண்டாம்” என்பதை அழுத்துங்கள்.

ஹோட்டலில் அறைக்கு இரவு ஒன்றுக்குத் தனியாகக் கேட்கும் தொகையைப் பலரும் மோசடி என்று எழுதுகிறார்கள். அது மோசடி இல்லை, அரசின் காலநிலைக் கட்டணம். 2025 முதல் ஏப்ரல்–அக்டோபரில் மூன்று நட்சத்திர ஹோட்டலுக்கு 5 யூரோ, நான்குக்கு 10, ஐந்துக்கு 15. இதற்கும் ரசீது கேளுங்கள்.

டூர் விற்கிறவர்களைப் பற்றியும் ஒன்று. “கருமணல் கடற்கரையில் சூரிய அஸ்தமனம்” என்று விளம்பரம் பார்த்தால் வரைபடத்தைத் திறங்கள். கமாரி, பெரிஸ்ஸா, பெரிவோலோஸ் மூன்றும் தீவின் கிழக்கு, தென்கிழக்குக் கரையில் இருக்கின்றன. சூரியன் முதுகுக்குப் பின்னால் மேட்டில் மறைந்துவிடும். படங்களில் பார்க்கும் அஸ்தமனம் மேற்கே கால்டெரா எனும் எரிமலைப் பள்ளத்தின் விளிம்பில், ஓயா ஊர்ப் பக்கம். ஹோட்டல் விளம்பரத்திலும் இதே மாதிரி ஒரு பித்தலாட்டம் உண்டு: “கமாரியில் அறை, பெரிஸ்ஸா அருகில்.” நேர்கோட்டில் அருகில்தான். நடுவே மேஸா வூனோ மலை நிற்கிறது. எரிமலைத் தீவில் எரிமலைக்கு முந்தைய சுண்ணாம்புப் பாறை மலை அது, உச்சியில் பண்டைய தேரா நகரின் இடிபாடுகள். சாலையில் போனால் மலையைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்கு மேல். பஸ் என்றால் ஃபிராவுக்குப் போய் மாற வேண்டும். சீசனில் இரண்டு கரைக்கும் இடையே படகு ஓடும், காற்று பலமாக இருந்தால் அதுவும் நிற்கும். டாக்ஸிகள் குறைவு என்பதால் மீட்டர் பேச்சே எழாது. ஏறும் முன் தொகை பேசி முடியுங்கள். ஃபிராவிலிருந்து கடற்கரைகளுக்கு அரசு அனுமதி பெற்ற கேடெல் பஸ் சில யூரோவில் கொண்டுவிடும், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் கடைசி பஸ் நேரத்தை இறங்கும்போதே நிறுத்தத்தில் பார்த்துவிடுங்கள்.

பைக் மாதிரி ஏறி ஓட்டும் நான்கு சக்கர மோட்டார் வண்டி (ஏடிவி) வாடகைக்கு எடுப்பவர்களுக்கு: இந்திய உரிமத்தோடு ஆர்டிஓ தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி கட்டாயம். சில கடைகள் கேட்காமலே சாவியைக் கொடுத்துவிடும். விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ்காரர் கேட்பார். “ஃபுல் இன்சூரன்ஸ்” என்பதில் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் அநேகமாக அடங்காது. கீறல் தகராறும் அங்கேதான் வரும். எடுக்கும்போதும் விடும்போதும் வண்டியைச் சுற்றி, அடிப்பாகம் உட்பட, வீடியோ எடுங்கள். எரிபொருள் முள்ளையும் எடுங்கள். பாஸ்போர்ட்டை அடமானமாக விடாதீர்கள். இரண்டு பேர் ஏறினால் 50 சிசி வண்டி அந்த ஏற்றங்களில் திணறும்.

ஏமாந்துவிட்டீர்கள் என்றால் அங்கேயே இருந்து புகார் செய்வதுதான் பலன் தரும். சுற்றுலாப் போலீஸ் 1571, நுகர்வோர் எண் 1520. சன்பெட் கடலை ஒட்டிப் போட்டிருந்தாலோ துண்டு விரிக்கவிடாமல் துரத்தினாலோ அரசின் மைகோஸ்ட் செயலியில் இடத்தைக் குறித்துப் படத்தோடு பதியலாம். மெனுவின் விலைப் பக்கம், ஆர்டர் சீட்டு, ரசீது, கார்டு சீட்டு நான்கையும் படம் எடுத்து வையுங்கள். ஊர் திரும்பி வங்கியில் கார்டு புகார் கொடுத்தாலும் இந்த நான்கைத்தான் கேட்பார்கள். மீன் எடை பற்றிய சண்டைக்கு மட்டும் இந்தப் படங்களால் பலனில்லை, தராசு உங்கள் முன்னால் வைக்கப்படாதவரை.